நெல்லை விட்டுவிட்டு ஒழுக்கத்தை அளந்தவர்கள்

தேவதாசி முறை பற்றி யார் எழுதினாலும், ரெண்டு பக்கம் தாண்டுறதுக்குள் பேச்சு ஒழுக்கத்துக்குப் போய்விடும். ஒரு தரப்பு விபச்சாரம் என்கும், இன்னொரு தரப்பு தெய்வீகக் கலை என்கும். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பேசுவது நெல்லைப் பற்றி. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேர். திருவாரூர், திருவையாறு என்று எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பது முதல் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அடுத்த உறவுக்குப் போகும். ஒழுக்கம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதை மனசில் வைத்துக்கொண்டு ரெண்டு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தேன்.

ஒன்று, மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட நாவல், ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. சிறுமியாக இருக்கும்போதே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டில் விடப்பட்டவர் அவர். அதனால் அந்த வீட்டுக்குள் பணம் எப்படிப் புரளுது என்பது அவருக்கு அத்துப்படி. நாவலின் பலமே அதுதான். பலவீனம் தலைப்பிலேயே இருக்கு: மோசம் தாசிக்கு, மதி மைனருக்கு. மிராசுதாரின் நிலமும் கோயிலின் நிலமும் இல்லாமல் இந்த வலையை யார் பின்னியிருக்க முடியும்?

இன்னொன்று, சமூகவியலாளர் அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை. நாவல் விட்ட இடத்தை இவர் பிடிக்கிறார். தாசி வீட்டில் சொத்தும் அதிகாரமும் பெண்கள் கையில் இருந்தன. சீர்திருத்தம் வந்ததும் ஆதாயம் அடைந்தவர்களில் அதே சமூகத்து ஆண்களும் உண்டு. ஆட்டம் மட்டும் புது மேடைக்குப் போச்சு, ஆடியவர்கள் போகவில்லை. பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொட்டுக் கட்டும் வயசில் அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை என்ற உண்மை, இந்த வாதத்துக்குள் மெலிந்துபோகிறது. அந்தப் பத்து ரூபாயை மூவலூர் அம்மையார் மறக்க முடியாது. ஆய்வாளரால் முடியும்.

சட்டங்களைப் பாருங்க. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் வந்த திருத்தம், கோயில் ஊழியம் செய்யாமலேயே மானிய நிலத்தை வைத்துக்கொள்ள வழி செய்தது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதையே தடுத்தது. முதலாவது நிலத்தைப் பற்றியது, ரெண்டாவது சடங்கைப் பற்றியது. நாம் ஞாபகம் வைத்திருப்பது ரெண்டாவதை மட்டும்தான். மூவலூர் அம்மையாரையே பாதிப் பேருக்கு, 2022 வரை இருந்த திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் தெரியும்.

இந்த மறதிக்கு விலை உண்டு. பாட்டி பெயரைச் சொல்லத் தயங்குகிற குடும்பங்கள் டெல்டாவில் இன்னும் இருக்கு. ஒழுக்கக் கணக்கில் அந்தப் பாட்டிக்கு வசைதான் மிஞ்சும். நெல் கணக்கில் அவள் வேலை பார்த்தவள், கூலி வாங்கியவள், பிறகு அதை இழந்தவள். பேரப்பிள்ளைகள் தயங்காமல் சொல்லக்கூடிய வரலாறு இதுதான். அதற்கு இந்த ரெண்டையும் சேர்த்தே படிக்கணும்.