கருத்துணர்தலும் விடையெடுத்து எழுதலும்

கெடா மாநிலத்தின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலோ, சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற நகர்களின் பள்ளி ஒன்றிலோ தமிழ்மொழிப் பாடவேளையில் நுழைவோர்க்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்று ஒரு பத்தியைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கின்றாள். லகர, ளகர, ழகர வேறுபாடு பிசகவில்லை. ஆசிரியர் மகிழ்கின்றார். பத்தியின்கீழ் உள்ள ஐந்து வினாக்களுக்கும் அவள் விடை எழுதுகின்றாள். ஐந்தும் சரி. அவள் பத்தியைப் புரிந்துகொண்டாள் என்று முடிவு கட்டப்படுகிறது. அம்முடிவு சரிதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். "குமிலன் காலையில் கொமுட்டையைத் தெளுக்கினான்." இவ்வாக்கியத்தில் 'காலையில்' என்னும் சொல் நீங்கலாக மற்றவற்றுக்குப் பொருளே இல்லை, அவை வெறும் ஒலிக்கூட்டங்கள். ஆயினும், "குமிலன் எதைத் தெளுக்கினான்?" என்று வினவினால், "குமிலன் கொமுட்டையைத் தெளுக்கினான்" என்று எட்டு வயதுக் குழந்தையும் விடை எழுதிவிடும். "தெளுக்கியவன் யார்?", "எப்பொழுது தெளுக்கினான்?" என்னும் வினாக்களுக்கும் விடை தயார். மூன்றுக்கும் முழு மதிப்பெண். ஆனால் குமிலன் செய்தது நன்றா தீதா, கொமுட்டை உண்ணும் பொருளா ஓட்டும் வண்டியா என்பது எழுதிய குழந்தைக்கும் தெரியாது. திருத்திய ஆசிரியர்க்கும் தெரியாது. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டு, அதனை அடுத்திருப்பதைப் பெயர்த்தெழுதும் திறமையே அங்கே அளக்கப்பட்டது. அது கண்ணின் திறமை. கருத்தின் திறமை அன்று.

தமிழில் இந்த மயக்கம் நேர்வதற்கு மொழியே ஓரளவு இடந்தருகிறது. தமிழ் எழுத்துமுறை பெரும்பாலும் ஒழுங்கானது. எழுத்துகளை அறிந்த குழந்தை, தான் ஒருநாளும் கேட்டிராத சொல்லையும் ஏறக்குறையச் சரியாகவே ஒலித்துவிடும். ஆங்கிலம் பயிலும் குழந்தை அறியாத சொல்லிடத்தே தடுமாறும். அத்தடுமாற்றம் ஆசிரியரை எச்சரிக்கும். தமிழ்க் குழந்தையோ தடுமாறாமலே கடந்துவிடுகிறது. கஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986இல், வாசித்துணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகிவரும் விளைவு என்று விளக்கினர். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியாயின் விளைவும் சுழியே. முதல் திறன் காதுக்குக் கேட்கிறது, இரண்டாவது கேட்பதில்லை. ஆதலால் கேட்பதைக் கொண்டே மதிப்பிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

இப்பழக்கம் தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் டொலோரஸ் டர்கின் என்னும் கல்வியாளர், நான்காம் வகுப்புகளில் வாசிப்புப் பாடம் நடைபெறும் முறையை உற்றுநோக்கி 1978-79இல் ஆய்வொன்றை வெளியிட்டார். 4,469 நிமிடங்கள் நோக்கியதில், கருத்துணர்வது எவ்வாறு என்று ஆசிரியர்கள் கற்பித்த நேரம் 20 நிமிடங்களே. எஞ்சிய நேரத்தின் பெரும்பகுதி வினாக் கேட்பதிலும் பயிற்சித்தாள் கொடுப்பதிலும் கழிந்தது. கருத்துணர்தல் சோதிக்கப்பட்டது; கற்பிக்கப்படவில்லை.

மலேசியாவில் 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடிப்படைத் திறன்களாக வைத்தது. 1988இல் தொடங்கிய ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்மொழிக் கருத்துணர்தலுக்குத் தனித்தாளே இருந்தது. தாள் இருந்ததால் அதற்கான பயிற்சி நூல்கள் பெருகின. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பயிற்சித்தாளின் பழக்கம் போகவில்லை.

இனிக் கருத்துணர்தல் என்பதுதான் யாது? பின்வரும் சிறு பகுதியைக் காண்க.

"மழை விடியும்வரை ஓயவில்லை. அப்பா பால்வாளியைக் கவிழ்த்து வைத்தார். 'இன்றைக்கும் இல்லை' என்றார். அம்மா அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்."

"அப்பா எதைக் கவிழ்த்து வைத்தார்?" என்று கேட்பது குமிலன் வினா. "அம்மா ஏன் பானையைத் திறந்து பார்த்தாள்?" என்பதே கருத்தை நாடும் வினா. அதற்கான விடை பத்தியில் எந்த வரியிலும் இல்லை. வரிகளுக்கு இடையில் இருக்கிறது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் மங்கில் சேராமல் பட்டையில் பரவி வீணாகும். வெட்டில்லையேல் அன்றைய வருமானம் இல்லை. 'இன்றைக்கும்' என்பதன் இறுதியில் நிற்கும் உம்மை, நேற்றும் வேலை இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. பானையில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்பதே தாயின் கவலை. இலக்கண வகுப்பில் எச்சவும்மை என்று மனப்பாடம் செய்யப்படும் ஒன்று, இங்கே ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் பட்டினி அச்சத்தைத் தாங்கி நிற்கிறது. இதனைக் காணும் குழந்தையே வாசித்த குழந்தை.

இப்பகுதியை லயத்தில் வளர்ந்த குழந்தையொன்று விரைவில் உணர்ந்துகொள்ளும். நகரின் அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு மழைக்கும் அரிசிப் பானைக்கும் உள்ள தொடர்பு விளங்காது. அக்குழந்தை அறிவிற் குறைந்ததன்று. அதற்கு அவ்வாழ்க்கை தெரியாது, அவ்வளவே. ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பிக்கிறது. பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை 64 மாணவர்கள் வாசித்தனர். ஆட்டத்தை நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டத்தை அறியாத, வாசிப்பில் தேர்ந்த மாணவர்களைவிட அதனை நன்றாக உணர்ந்துகொண்டனர்.

கெடாவின் தமிழ்ப்பிள்ளைகளுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துக் குடும்பங்கள் பல நகர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஒரே வகுப்பில் செம்பனைக் குலை அறுப்பவரின் மகனும் தொழிற்சாலைப் பணியாளரின் மகளும் அமர்ந்திருக்கின்றனர். விமான நிலையத்தைப் பற்றிய பத்தி ஒருவனுக்கு இருள். பால்மரத்தைப் பற்றிய பத்தி மற்றவளுக்கு இருள். அறியாத பொருளையெல்லாம் பாடத்தினின்று நீக்கிவிடுதல் இதற்கு மருந்தாகாது. வாசிப்புக்கு முன்னர் ஐந்து நிமிடம் பேச விடுதலே மருந்து. "மழை பெய்தால் உங்கள் வீட்டில் யார் வேலைக்குப் போகமாட்டார்கள்?" என்னும் ஒரு வினா போதும். தெரிந்த குழந்தை சொல்லும்; தெரியாத குழந்தை கேட்கும்; பிறகு இருவரும் ஒரே பத்திக்குள் நுழைவர்.

பொருளறிவுக்கு அடுத்த தடை நூல்நடை. வீட்டுத் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு. "மழை நின்றதும் வெளியே சென்ற தம்பியைத் தேடி வந்த அக்காள், வழியில் கிடந்த அவன் செருப்பைக் கண்டு திடுக்கிட்டாள்" என்னும் வாக்கியத்தை எந்தக் குழந்தையும் வீட்டில் பேசாது. வீட்டில் அது நான்கு வாக்கியங்களாக உடையும். பெயரெச்சமும் வினையெச்சமும் ஒன்றையொன்று தழுவிவரும் இவ்வமைப்பில், வெளியே சென்றவர் யார், தேடி வந்தவர் யார், செருப்பு யாருடையது என்பவற்றைப் பிரித்தறிவது பயிற்சியால் வருவது. அவ்வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைக் கொண்டே நான்காக உடைக்கச் செய்து, மறுபடியும் ஒன்றாகக் கட்டச் செய்தல் வேண்டும். இலக்கணம் புரிதலுக்குக் கருவியாவது அப்பொழுதுதான்.

பாலின்சார், பிரௌன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. சிறு குழுவாக அமர்ந்த மாணவர்கள் ஒரு பகுதியை வாசித்து, சுருக்கிச் சொல்லி, வினா எழுப்பி, விளங்காததைத் தெளிவாக்கி, அடுத்து வருவதை ஊகிக்கின்றனர். முதலில் ஆசிரியர் செய்து காட்டுகிறார். பின்னர் மாணவர் ஒருவர் மாற்றி ஒருவர் ஆசிரியராகின்றனர். தமிழாசிரியர்க்கு இது புதுமை அன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்றும் கூறுகிறது. பயிற்சித்தாளை முன்வைத்துத் தனித்தனியே குனிந்திருக்கும் வகுப்பில் அந்த முக்காற்பங்குக்கு இடமேயில்லை.

இம்முறைக்கு நேரம் ஏது என்று கேட்கப்படலாம். பாடத்திட்டம் நீண்டது; வகுப்பில் எழுத்துக் கூட்டவே இயலாத மாணவரும் உள்ளனர். அவர்க்கு எழுத்துப் பயிற்சி முதலில் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர்களும் காதால் கேட்டுக் கருத்துணரலாம். ஆசிரியர் வாசிக்க, மேற்கண்ட பானை வினாவுக்கு அவர்களும் விடை தேடலாம். நேரமோ, புதிதாகத் தேடவேண்டியதன்று. வாரத்துக்கு ஐந்து பத்திகளும் இருபத்தைந்து வினாக்களும் என்பதை, ஒரு பத்தியும் நான்கு வினாக்களும் என்று குறைத்தாலே நேரம் கிடைத்துவிடும். அந்நான்கில் ஒன்று வரியில் விடையுள்ளதாகவும், ஒன்று இரு வரிகளை இணைப்பதாகவும், ஒன்று வரிக்கிடையில் தேடுவதாகவும், ஒன்று மாணவரே எழுப்பியதாகவும் இருத்தல் நலம். குறிப்பேட்டில் சிவப்பு மையால் இட்ட குறிகளின் எண்ணிக்கை குறையும். பெற்றோர் சிலர் வினவவும் கூடும். அதற்கு அஞ்சலாகாது.

ஏனெனில் இழக்கப்படுவது சிறிதன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் வரலாறும் அறிவியலும் மலாய்மொழியில் வந்து நிற்கின்றன. வரிக்கிடையில் வாசிக்கும் பழக்கத்தை ஒரு மொழியில் பெற்ற குழந்தை அதனை மறுமொழிக்கும் எடுத்துச் செல்லும். பெறாத குழந்தை, அங்கேயும் வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிக்கொண்டிருக்கும்; நூல் தடிக்கத் தடிக்கத் தேடுவதைக் கைவிடும். தாய்மொழியில் அப்பழக்கத்தை ஊட்டுவதற்குப் பள்ளி தரும் வாய்ப்பு அந்த ஆறாண்டுகளே. மூன்றாம் ஆண்டில் தடங்கலின்றி வாசித்த அந்த மாணவிக்கு அவற்றுள் எஞ்சியவை மூன்று.