பவனி இல்லாத நாளின் இசை

கொழும்பில் ஆசைக்காகச் சக்ஸபோன் ஊதுகிறவருக்கு நாட்காட்டிதான் மேடை. மார்ச் பிறந்தால் பாடசாலைகளின் கிரிக்கெட் சமர்கள். ஜூன் 13 கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருவிழா. டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். இவற்றுக்கு நடுவே பங்குத் திருவிழாக்களின் சொரூப பவனிகள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை, கூலி வாங்காமல் பாண்டில் நிற்கும் மாணவர்களும் பழைய மாணவர்களும் கந்தோர் ஊழியர்களும் இந்தத் திகதிகளை ஒட்டியே கூடுகிறார்கள். திகதி கடந்ததும் கலைகிறார்கள். இந்தப் பழக்கம் நகரத்துக்குத் தருவது கொஞ்சமல்ல. ஆனால் அது கருவியைப் பிடித்த மனிதருக்கு என்ன தருகிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு நிறைவாக இல்லை. நமது பாண்டுகள் நிகழ்ச்சிக்காகவே வாழ்கின்றன, ஊதுகிறவரின் வளர்ச்சி அவற்றின் கணக்கில் வருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அவற்றின் நிறையும் குறையும் இந்த ஒரே வேரிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் கருவியைப் பார்க்கவேண்டும். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடோல்ஃப் சக்ஸ், பாரிஸில் 1846இல் காப்புரிமை பெற்ற கருவி இது. உடல் பித்தளை, ஒலி பிறப்பதோ ஒற்றை நாணல் சீவாளியில். பித்தளையின் வீச்சும் மரக்குழலின் நெகிழ்வும் ஒன்றாகச் சேர்ந்ததால் வெட்டவெளியில் நடந்துகொண்டே ஊதும் இராணுவ பாண்டுக்கு அது பொருந்திப்போனது. பழகத் தொடங்குவதும் எளிது. கிளாரினெட்டில் மேல்நிலைக்குப் போனால் விரலமைப்பு மாறிவிடும். சக்ஸபோனில் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் பெரும்பாலும் அதே விரல்கள்தான். பதினான்கு வயதுப் பிள்ளை சில மாதங்களில் ஒரு பாட்டை ஊதிவிட முடிவது இதனால். ஆனால் சாவியை அழுத்தினால் சுரம் வருமே தவிர, அது சுருதியோடு வருமா என்பதை உதடும் மூச்சும்தான் முடிவுசெய்கின்றன. மெதுவாக ஊதும்போது சுருதி ஒரு பக்கம் நகரும், பலமாக ஊதும்போது மறுபக்கம் நகரும். தனியே நின்றால் இது அவ்வளவாகத் தெரியாது. ஐந்து பேர் ஒரே சுரத்தைப் பிடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இலகுவாகத் தொடங்கலாம், சேர்ந்து ஊதுவதுதான் கடினம் என்பது இந்தக் கருவியின் குணம். பாண்டுப் பழக்கத்தை எடைபோட இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நிறைகளுள் முதலாவது, பாண்டின் கதவு எல்லோருக்கும் திறந்திருப்பது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரோடு வரும் நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தொழில்வித்தை. அளவெட்டி என்.கே.பத்மநாதன், தவில் மேதை தட்சிணாமூர்த்தி போன்றோரை ஈழத்துக்குத் தந்தது அந்தக் குலவழிப் பயிற்சிதான். அதன் உயரம் பெரிது, வாசல் குறுகியது. வங்கியில் வேலை செய்யும் ஒருவர் நாற்பது வயதில் ஆசைப்பட்டு நாதஸ்வரக் குழுவில் போய் நிற்க முடியாது. சக்ஸபோனுக்கு நம்மிடையே சாதிப் பெயரும் இல்லை, பரம்பரை உரிமையும் இல்லை. கொட்டாஞ்சேனை போன்ற கலப்புப் பகுதியில் தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தாளத்துக்குக் கால்வைப்பதற்கு மொழியும் தடையில்லை. தேர்ச்சி குறைந்தவரையும் வரிசை தாங்கிக்கொள்கிறது: ஒரு சுரம் தவறினால் பக்கத்திலிருப்பவர் காப்பாற்றுவார், மூச்சு வாங்கினால் பாட்டு நிற்காது. தனிக் கச்சேரி மேடை ஒருபோதும் தராத இந்தப் பாதுகாப்புதான் பலரை இசையோடு கட்டிவைக்கிறது.

இரண்டாவது நிறை இடம் சார்ந்தது. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளில் சக்ஸபோன் பழகுவது அயலவரோடு போர் தொடுப்பதற்குச் சமம். வீணையை மெல்ல மீட்டலாம். வயலினுக்கு அடக்கி போடலாம். சக்ஸபோனின் ஒலி திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வெளியேறுவதால் கருவியின் வாயில் துணியை அடைத்தும் பெரிதாகப் பயனில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சொன்னி ரோலின்ஸ் அயலவருக்குத் தொல்லை கொடுக்க விரும்பாமல் 1959 முதல் 1961 வரை நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தில் நின்று பயின்றார். வெள்ளவத்தைக்காரருக்குக் கையெட்டும் தூரத்தில் கடற்கரை ரயில்பாதை உண்டு. ஆனால் உப்புக்காற்று சாவிகளையும் துளைகளை மூடும் தோல் மெத்தைகளையும் விட்டுவைக்காது. ஆகவே பாடசாலை மண்டபமோ பங்கு மண்டபமோ வாரத்தில் இரண்டு மணித்தியாலம் திறந்திருப்பதே பயிற்சிக்கான ஒரே வழி. பாண்டு என்பது பலருக்கு முதலில் ஒரு கூரை, பிறகுதான் இசைக்குழு.

இனிக் குறைகளுக்கு வரலாம். திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒத்திகை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அவசரத்தில் பாண்டு மாஸ்டர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பாட்டின் மெட்டை எல்லோருக்கும் ஒரேமாதிரி சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்விப்பது. இரவில் நடந்துகொண்டே ஊதுவதற்கு மனப்பாடம் வசதி என்பது உண்மை. தாளைப் பார்க்க வெளிச்சமும் இராது, கையும் இராது. ஆனால் எல்லோரும் மெட்டையே ஊதும்போது ஒருவர் மற்றவரைக் கேட்கவேண்டிய தேவை அற்றுப்போகிறது. ட்ரம்பெட்டின் கூர்மைக்கு மேலே தன் குரல் கேட்க வேண்டும் என்று சக்ஸபோன்காரர் இன்னும் பலமாக ஊதுகிறார். பலமாக ஊதச் சுருதி நகர்கிறது. நகர்ந்த சுருதியை மேளச் சத்தம் மறைத்துவிடுகிறது. கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே பாண்டுகள்தான் நம் பிள்ளைகளின் காதுக்கு முதல் பாடநூல் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 1879இல் தொடங்கிய றோயல்–தோமஸ் சமர் போன்றவற்றின் கூச்சலுக்கு நடுவே பைலா மெட்டுகளை உரத்து ஊதுவது பப்பரேயின் தொழில் தருமம். அங்கே அது சரியானதும்கூட. அதே உரப்பைக் கோவில் வீதிக்கும் கொண்டுவரும்போதுதான் பிசகு நேர்கிறது.

அந்தப் பிசகை மிகத் தெளிவாகக் காட்டுவது பாட்டின் சுருதி. ஆல்டோ சக்ஸபோன் ‘ஈ ஃபிளாட்’ கருவி. டெனரும் ட்ரம்பெட்டும் ‘பி ஃபிளாட்’ கருவிகள். பாடுவோருக்கு ‘ஜி’ வசதியான சுருதி என்றால் ஆல்டோக்காரர் நான்கு ஷார்ப் வைத்து ஊத வேண்டும், டெனர்காரர் மூன்று. அதே பாட்டை ‘பி ஃபிளாட்’டுக்கு ஏற்றிவிட்டால் ஆல்டோவுக்கு ஒரே ஒரு ஷார்ப், மற்ற இருவருக்கும் எதுவுமில்லை. பயிற்சி குறைந்த பாண்டு இலகுவான வழியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. ஆனால் அப்படி ஏற்றிய ஒன்றரைத் தொனியின் பாரம் மெழுகுதிரியோடு பின்னால் நடந்துவரும் பெண்களின் தொண்டையில் இறங்குகிறது. மேல் சுரம் வரும்போது அவர்கள் வாய்மூடிக்கொள்கிறார்கள். கருவிகள் மட்டும் தொடர்கின்றன. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903இல் திருச்சபை இசை பற்றி வெளியிட்ட ஆணை, ஆலயத்துக்குள் பாண்டு வாசிப்பதைத் தடைசெய்தது. வெளியே நடக்கும் பவனிகளில் ஆயரின் அனுமதியோடு அதை ஏற்றுக்கொண்டது. உலகியல் மெட்டுகள் கூடாது என்றது. பவனியில் வருவோர் பாடும் பக்திப் பாடலுக்குத் துணைபோவதோடு பாண்டு நின்றுகொள்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டு இசையின் விதிகள் எவ்வளவோ தளர்ந்துவிட்டன. அந்த ஆணையின் கடைசிக் கருத்து மட்டும் இசையறிவு என்ற அளவில் இன்றும் சரியாகவே படுகிறது: பாடுகிறவர் முன்னே, ஊதுகிறவர் பின்னே.

இன்னொரு குறை காலம் பற்றியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பாடசாலை முடிகிறது. பெரும்பாலும் கருவி பாடசாலையின் சொத்து. அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளோடு பலரது இசையும் முடிகிறது. சொந்தமாக வாங்குவது முன்பே பாரம். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டபோது அது எட்டாத உயரத்துக்குப் போனது. தனியாகப் பயின்று லண்டன் றோயல் ஸ்கூல்ஸ், டிரினிட்டி தரப் பரீட்சைகளை எழுதுகிறவர்களும் உண்டு. அவை பியானோத் துணையோடு தனியாளாக நிற்கப் பழக்குகின்றன. நான்கு சக்ஸபோன்களுக்கு நடுவே மூன்றாவதாக அமர்ந்து ஊதுவது பரீட்சையின் அக்கறை அல்ல. ஆக, பாடசாலை பாண்டை விட்டு வெளியே வரும் இளைஞருக்கு எதிரே இரண்டு வழிகள்தான் பளிச்சென்று தெரிகின்றன: கூலிக்கு ஊதுவது, அல்லது ஊதுவதை நிறுத்துவது. ஆசைக்கு ஊதுகிற வளர்ந்தவருக்கு, ஆண்டுதோறும் இருக்கும் ஓர் இருக்கை அரிதாகவே கிடைக்கிறது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு பக்தியின் பெயரால் வரும். பவனி வழிபாடு, அதைக் கச்சேரி போல் எடைபோடலாமா? ஊதுகிறவர் நேர்த்திக்காக வருகிறார், சுருதிக்காக அல்ல என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. நேர்த்திக்கு வந்தவரிடம் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்பது கொடுமை. ஆனால் இங்கே கேள்வி தேர்ச்சியைப் பற்றியதே அல்ல. கூட்டத்தின் பாட்டு கேட்கிறதா, அல்லது பாண்டு அதை விழுங்கிவிடுகிறதா என்பதுதான் கேள்வி. பாடவந்தவரை மௌனமாக்கும் பாண்டு வழிபாட்டின் அளவுகோலாலும் தோற்கிறது. தேர்ச்சி குறைந்தவர் அடக்கி ஊதினாலே அந்தத் தோல்வியைத் தவிர்க்கலாம். அதற்கு மேதைமை தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு தமிழ் இசையின் பக்கத்திலிருந்து வரும். நாதஸ்வரம் ஆதரவின்றித் தேயும் காலத்தில் அந்நியக் கருவிக்கு ஏன் இத்தனை அக்கறை? கத்ரி கோபால்நாத்தின் வாழ்வு இதற்கு நல்ல விடை. நாதஸ்வரக் கலைஞரின் மகனாக 1949இல் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பாண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கி, பல்லாண்டு உழைத்துக் கர்நாடக இசையின் கமகங்களை அதில் வரவழைத்தார். 2019இல் அவர் மறைந்தபோது சக்ஸபோன் தென்னிந்தியக் கச்சேரி மேடையின் கருவியாகிவிட்டிருந்தது. 1994இல் வந்த ‘டூயட்’ படத்தின் வழியாக அவருடைய வாசிப்பை அறியாத தமிழ் வீடு குறைவு. வயலினைப் போலவே சக்ஸபோனும் நம்முடையதாகலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவரைப் பாண்டுக்கு முன்மாதிரியாக நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கமகம் தனியொருவரின் மூச்சில் அமைவது. ஐந்து பேர் ஐந்துவிதமாகச் சுரத்தை அசைத்தால் வருவது இரைச்சல். பாண்டு வேறொரு கலை; அசைவைக் குறைத்து இணக்கத்தைக் கூட்டுவது அதன் இலக்கணம். அவருடைய கதை நமக்குத் தரும் பாடம் இன்னொன்று: அந்த மேதையின் காதில் முதற்பொறி விழுந்தது ஒரு பாண்டிலிருந்துதான். வழியோரம் நின்று கேட்கும் சிறுவனுக்காகவேனும் பாண்டு நன்றாக ஊத வேண்டும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது, வலுவானதும் அதுவே. வேலை, குடும்பம், காலி வீதியின் வாகன நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி வருகிறவரிடம் ஆண்டு முழுவதும் ஒத்திகை கேட்டால், ஆசை கடமையாகிவிடாதா? திகதி நெருங்கும்போது எழும் உற்சாகமே பலருக்கு உந்துவிசை. அதை எடுத்துவிட்டால் கூட்டமே சேராது என்பார்கள். ஆனால் வெளியுலக அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் துணியாலைத் தொழிலாளரைக் கொண்டு 1855இல் உருவான பிளாக் டைக் பித்தளை பாண்டு இன்றும் இயங்குகிறது. ஆலை உழைப்பு இலேசானதல்ல. ஆயினும் ஒத்திகைக்கு ஆள் வந்தது. அந்த மரபில் முதல் கோர்னெட், இரண்டாம் கோர்னெட், மூன்றாம் கோர்னெட் என்று ஒவ்வோர் இருக்கைக்கும் தனியே எழுதிய பகுதி உண்டு. ஒருவர் வராவிட்டால் இசையில் ஓர் ஓட்டை விழும். எல்லோரும் ஒரே மெட்டை ஊதும் பாண்டில் ஒருவர் வராதது யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்துக்கு மனிதர் நெடுநாள் வருவதில்லை. கொழும்பிலேயே 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி இசைக்குழு, இசையை வயிற்றுப்பிழைப்பாகக் கொள்ளாத பலரையும் வைத்துக்கொண்டே தொடர்ந்து ஒத்திகை நடத்துகிறது. சிம்பொனி இசையில் சக்ஸபோனுக்கு இடம் அரிது என்பதுதான் நம்மவரின் துரதிர்ஷ்டம்.

ஆகவே தேவைப்படும் மாற்றம் பணத்தைவிடப் பழக்கத்தைச் சார்ந்தது. திருவிழாவுக்கு ஊதும் பத்துப் பாடல்களில் மூன்றுக்காவது முதல் ஆல்டோ, இரண்டாம் ஆல்டோ, டெனர் என்று பகுதி பிரித்து எழுதலாம். இராகம் பிறழாமல் ஒத்திசைவு அமைப்பது நுட்பமான வேலை. அதைச் செய்யக்கூடிய இசை ஆசிரியர்கள் இந்த நகரில் இருக்கிறார்கள். இரண்டாம் ஆல்டோவின் பகுதி நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும்படி எழுதினால் புதிதாக வந்தவரும் தாக்குப்பிடிப்பார். தன் சுரம் மேலே போகும் மெட்டோடு சேர்கிறதா என்று கேட்கவும் வேண்டியிருக்கும். சுருதியைப் பாடுவோரின் தொண்டை தீர்மானிக்கட்டும். நான்கு ஷார்ப்புக்கு விரல்களைப் பழக்க மூன்று வாரம் போதாது என்பதாலேயே ஆண்டு முழுவதும் ஒத்திகை தேவை. பாடசாலைகள் பழைய மாணவருக்கு மாலையில் மண்டபத்தையும், தூங்கிக்கிடக்கும் கருவிகளில் சிலவற்றையும் இரவலாகக் கொடுத்தால் பத்தொன்பது வயதோடு முடிகிற கதை நீளும்.

கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். புதன்கிழமை தெரு பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தப் பழக்கத்தின் உண்மையான சோதனை அந்தப் புதன்கிழமையில்தான். பவனியும் இல்லை, சமரும் இல்லை, கைதட்டவும் ஆளில்லை. அன்றைக்கும் இரண்டாம் ஆல்டோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறாரா? வருகிறார் என்றால், தான் இல்லாவிட்டால் பாட்டில் எந்தச் சுரம் குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.