புதன்கிழமை எந்த வினைக்குச் சொந்தம்?

காசிமேட்டில் விசைப்படகு ஒன்றில் பங்கு வைத்திருக்கும் என் மாமா, ஒரு வியாழக்கிழமை காலையில் போனை என்னிடம் நீட்டினார். யாரோ அனுப்பிய செய்தித் துணுக்கு. "புதன்கிழமை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டது."

"இன்னாடா இது? பொதங்கெழம போவக்கூடாதுன்னானா, இல்ல பொதங்கெழம சொன்னானா?"

முதல் அர்த்தம் சரி என்றால் புதன் முடிந்துவிட்டது, இனிமேல் படகை எடுக்கலாம். இரண்டாவது சரி என்றால் எச்சரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. டீசல் போட்டு, ஐஸ் ஏற்றி, ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நாலு தடவை படித்தேன். வாக்கியத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியவில்லை. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாக யாரோ போனில் சொன்ன பிறகுதான் அவருக்கு விடை கிடைத்தது. (அந்தக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வினையடை எங்கே போடுவது என்ற பிரச்சினையே இல்லாத மொழி!)

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது" என்று இணையத்தில் அடிக்கடி ஒரு பெருமிதம் பார்க்கிறோம். "நான் நேற்று மீன் வாங்கினேன்" மாதிரி நான்கு சொல் வாக்கியத்தை எடுத்து, 24 விதமாகக் கலைத்துப் போட்டு, "பாருங்கள், ஆங்கிலத்தால் முடியுமா?" என்று கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் ஆபீஸில் இப்படிப் பேசியவன்தான். சோதனையில் ஓட்டை இருக்கிறது: அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு வினைதான். 'நேற்று' வேறு எங்கே போய் ஒட்டும்? இரண்டு வினை உள்ள வாக்கியத்தை எடுங்கள், கணக்கு உடையும்.

"நேற்று வந்ததாகச் சொன்னார்." வந்தது நேற்றா, சொன்னது நேற்றா?

"வந்ததாக நேற்று சொன்னார்." இதில் சந்தேகமே இல்லை. சொன்னதுதான் நேற்று.

ஒரே மூன்று சொற்கள். இடம் மாறியதும் ஒரு அர்த்தம் காணாமல் போய்விட்டது.

ப்ரோகிராம் எழுதுகிறவனுக்கு இது உடனே அடைப்புக்குறி விஷயமாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'தட்' என்ற சொல், உள்வாக்கியம் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. அதாவது திறக்கும் குறி இருக்கிறது, மூடும் குறி இல்லை. அதனால் அங்கே குழப்பம் வால் பக்கம் வரும். "ஹி செட் தட் த ஷிப் ஹேட் லெஃப்ட் யெஸ்டர்டே" என்றால் அந்தக் கடைசிச் சொல் பெரும்பாலும் கப்பலோடு போகும், ஆனால் 'செட்'டோடும் போகலாம். 'யெஸ்டர்டே'யை 'தட்'டுக்கு முன்னால் தள்ளினால் சிக்கல் தீர்ந்தது. 'தட்'டையே விட்டுவிட்டால் மறுபடியும் மாறுகண்: அந்தச் சொல் இரண்டு பக்கமும் பார்க்கும்.

தமிழில் எல்லாம் தலைகீழ். 'என்று', '-ஆக', பேச்சில் '-ன்னு' எல்லாமே உள்வாக்கியம் முடியும் இடத்தில் நிற்கின்றன. மூடும் குறி உண்டு, திறக்கும் குறி கிடையாது. அதனால் நமக்குக் குழப்பம் தலைப்பக்கம். வாக்கியத்தின் முதலில் வரும் 'புதன்கிழமை' உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. உள்வாக்கியத்தின் எழுவாய் இருந்தால் ஓரளவு அதுவே திறக்கும் குறியாக வேலை செய்யும். "மீனவர்கள் புதன்கிழமை கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று" எழுதியிருந்தால் புதன் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆனால் தமிழ் எழுவாயை இஷ்டத்துக்கு விட்டுவிடுகிற மொழி. அது போனால் அந்தக் குறியும் போச்சு.

பழைய இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் நன்னூலின் இடைப்பிறவரலைக் காட்டுவார்கள். எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் நடுவே பிற சொற்கள் வரலாம் என்பது விதி. ஆனால் பவணந்தியார் சும்மா விடவில்லை, ஏற்பவை மட்டும்தான் வரலாம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். அந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பொருள்கோளும் அப்படித்தான். தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது, நன்னூல் எட்டு. வரிசை பொருட்டே இல்லை என்றால், சொற்களை எப்படி எடுத்துக் கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு எட்டுப் பெயர் எதற்கு? கொண்டுகூட்டு செய்யுளுக்குச் சரி. உரைகாரர் பக்கத்தில் இருப்பார். கரையில் நிற்கிறவருக்கு உரைகாரர் யார்?

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். மரபிலக்கணத்தின் நால்வகைச் சொல்லில் 'வினையடை' தனி வகை இல்லை. திராவிட மொழிகளில் வினையடை என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் பெயரோ வினையின் உருவமோதான் என்பது கால்டுவெல்லின் கருத்தும்கூட. 'புதன்கிழமை' பெயர்ச்சொல். வெளியே எந்த அடையாளமும் ஒட்டாமல் வினைக்கு வேலை செய்கிறது. ஆகவே அதன் இடம் பற்றித் தனியாக யாரும் உட்கார்ந்து எழுதாததில் ஆச்சரியம் இல்லை. ஆங்கிலத்தில் ஃபௌலர் 1926-ல் வெளிவந்த தன் அகராதியில் வினையடையின் இடத்துக்கென்றே ஒரு நீண்ட பதிவு எழுதினார். துணைவினைக்கும் வினைக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது என்று பயந்து வாக்கியத்தைக் கெடுப்பவர்களை அதில் சாடுகிறார். உரைநடைத் தமிழுக்கு அப்படி ஒரு சண்டைக்காரர் வேண்டும்.

இப்போதைய பெரிய குற்றவாளி மொழிபெயர்ப்பு என்பது என் கட்சி. 'செட் ஆன் வெட்னஸ்டே தட்' என்பதை ஆளோ இயந்திரமோ தமிழாக்கும்போது, நாளைத் தூக்கி வாக்கியத் தலையில் வைத்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மூலத்தில் 'தட்' செய்த காவல் வேலை மொழிபெயர்ப்பில் காலி. செய்ய வேண்டியதோ ரொம்பச் சின்ன மாற்றம்: "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று புதன்கிழமை எச்சரிக்கை விடுக்கப்பட்டது." 'என்று' வந்து கதவு மூடிய பிறகு வருவதால் புதன் உள்ளே போக வழியில்லை.

இதைவிட நல்ல தீர்வு அன்றைக்கே என் காதில் விழுந்தது. கூண்டு விஷயம் தெரிந்ததும் மாமா கூட்டாளிக்குப் போன் போட்டார்: "பொதங்கெழமையே சொல்ட்டானாம்பா, கடலுக்குப் போவாதீங்கன்னு!" சொன்ன வினையை முதலில் முடித்துவிட்டார். நாளை அதோடு ஒட்டி, ஒரு ஏகாரமும் போட்டு இறுக்கிவிட்டார். உள்வாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளி '-ன்னு'வால் மூடினார். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். எழுத உட்கார்ந்தால் மட்டும் அது 'பேச்சு நடை' என்று வெட்டப்படுகிறது. பள்ளியில் என் கட்டுரை நோட்டிலேயே இந்த மாதிரி வாக்கியங்களுக்குச் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

அந்தத் துணுக்கைத் திருத்தி மாமாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "இத மொதல்லயே எழுதினா இன்னாவாம்?" என்றார்.