உரிமையா, சுமையா? ‘எ செப்பரேஷன்’ திரைப்படத்தில் குழந்தையின் தெரிவு

முன்னுரை

ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ (2011) பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதும், மறு ஆண்டில் ஆஸ்கர் விருதும் பெற்றது. மணவிலக்கிற்குப்பின் மகள் தெர்மெ யாருடன் வாழ்வாள் என்பதைச் சொல்லாமலே படம் முடிகிறது. இம்முடிவைப் பார்வையாளர் ஊகத்திற்கு விடப்பட்ட புதிராகக் கொள்வதுண்டு. அது குழந்தையிடம் விருப்பம் கேட்கும் முறையின் மீதான விமர்சனம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சட்டப் பின்புலம்

இசுலாமியக் குடும்பச் சட்டம், ஹளானத் எனும் பராமரிப்பையும் விலாயத் எனும் காப்பாளர் அதிகாரத்தையும் வேறுபடுத்துகிறது. ஈரானியக் குடிமைச் சட்டத்தின் 1169ஆம் பிரிவு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 7 வயது வரை பராமரிப்பில் தாய்க்கு முன்னுரிமை தருகிறது. பின்னர் அது தந்தையைச் சேரும். பெண் குழந்தை 9 சந்திர ஆண்டுகளில் பருவமெய்தியவளாகக் கொள்ளப்படுவதால், அதன்பின் அவளது விருப்பம் ஏற்கப்படுகிறது. 11 வயதுத் தெர்மெ நீதிபதிமுன் நிறுத்தப்படுவதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். உடன் வாழாத பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் உரிமையை 1174ஆம் பிரிவு காக்கிறது. எனினும், தாய் சிமின் நாட்டைவிட்டுச் செல்ல விரும்புபவள். எனவே தெர்மெயின் தெரிவு, மற்றவரைக் காணும் வாய்ப்பையே பறித்துவிடக்கூடும்.

இரு விசாரணைகள்

தெர்மெ இதற்கு முன்பே ஒருமுறை விசாரிக்கப்படுகிறாள். பணிப்பெண் ரஸியாவின் கருச்சிதைவிற்குக் காரணமானவர் எனத் தந்தை நாதர் குற்றஞ்சாட்டப்படுகிறார். அவள் கருவுற்றிருந்ததை அறிந்திருந்ததாக அவர் மகளிடம் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் நீதிபதி வினவும்போது, தந்தையைக் காக்க அவள் பொய்யுரைக்கிறாள். பின்னர் மகிழுந்தில் அழுகிறாள். இக்காட்சியை நீக்கிவிட்டு இறுதிக் காட்சியைப் பொருள்கொள்ள இயலாது. முதல் விசாரணையில் உண்மையைச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. பாசம் அதனைச் செயலற்றதாக்கியது. இரண்டாவதில் விருப்பத்தைச் சொல்லும் உரிமை இருக்கிறது. அதே பாசம் அங்கும் உடன் நிற்கிறது.

நீதிபதி கனிவற்றவர் அல்லர். பெற்றோரை வெளியே அனுப்பவும் முன்வருகிறார். முடிவு செய்துவிட்டதாகத் தெர்மெ கூறுகிறாள். ஆயினும் ஒளிப்பதிவுக்கருவி அவளுடன் தங்காமல், கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் காத்திருக்கும் பெற்றோரையே காட்டுகிறது. தாங்கள் பேசித் தீர்க்காத வழக்கின் தீர்ப்பை அவர்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டனர்.

முடிவுரை

குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது அதனை மதிப்பதாகும் என்பதை இப்படம் மறுக்கவில்லை. பெற்றோர்மீது கொண்ட அன்பால் கட்டுண்ட குழந்தையின் விடையைச் சுதந்திரமான தெரிவாகக் கொள்ள இயலுமா என்று வினவுகிறது. அவளது விடையைப் பார்வையாளருக்கு மறைத்ததன்மூலம், அவளை மூன்றாம் முறையாகவும் விசாரிக்கும் நிலையை ஃபர்ஹாதி தவிர்க்கிறார் எனலாம்.