சேதுக் காசும் அதன் இடபமும்

உரோமப் பேரரசன் திபேரியஸ் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் தமிழகத்துப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றின் முன்புறத்தே வாகைமாலை சூடிய அரசன் தலையும், தெய்வமாகிய அகஸ்தஸின் மகன் என்னும் பட்டமும் உள. பின்புறத்தே கையிற் கோலும் கிளையும் ஏந்தி வீற்றிருக்கின்றாள் ஒரு மங்கை. அவளைச் சமாதான தேவி என்பாரும், அரசன் அன்னை லிவியா என்பாரும் உளர். யாவளாயினும், ஆள்பவன் முகமும் பெயரும் குடிகள் கையிற் புழங்குதல் வேண்டும் என்பதே அக்காசின் கருத்து.

இவ்வளவுகோலைக் கொண்டு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசுகளை அளப்போர் ஏமாற்றமே அடைவர். அவை பெரும்பாலும் செப்பாலானவை. முன்புறத்து நிற்கும் மனித உருவம் கோடுகளாயும் புள்ளிகளாயும் சிதைந்துள்ளது. அதனை ஒரு மன்னனது சாயலெனக் கொண்டு முகம் தேடுதல் வீண்முயற்சியாம். இராசராச சோழனின் ஈழவகைக் காசிற் காணப்பட்டு, பொலனறுவை மன்னர் காசுகள் வழியாக வந்த கடனுருவம் அது. கைமாறுந்தோறும் தேய்ந்து போயிற்று.

பின்புறமோ அத்தகையதன்று. படுத்திருக்கும் இடபம், மேலே பிறை, கீழே 'சேது' என்னும் ஈரெழுத்துச் சொல். சில காசுகளில் இடபத்தின் திமிலும் கொம்பும் செவ்வனே அமைந்துள. சிலவற்றில் அது இடபந்தானா என ஐயுற வேண்டியிருக்கின்றது. ஆயினும் அச்சுக் கம்மியனின் கருத்து ஊன்றியது இப்புறத்திலேயே என்பது தெளிவு.

பராக்கிரமபாகு தன் பெயரை நாகரி எழுத்திற் பொறித்த அதே பின்புறத்தில், யாழ்ப்பாண மன்னர் தம் பெயரை விலக்கி ஒரு தீர்த்தத்தின் பெயரை வைத்தனர். இம்மாற்றமே ஆராய்தற்குரியது. சேதுபதிகளே இக்காசுகளை வெளியிட்டனர் என்னும் பழைய கொள்கையை மறுத்து, இவை யாழ்ப்பாணத்தனவே என 1920இல் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதினார். அன்று தொட்டு 'சேது' என்னும் சொல்லை உரிமைச் சான்றாக மட்டுமே பலரும் கையாண்டு வருகின்றனர். அது குறையுடைய நோக்கு. கொட்டகமக் கல்வெட்டும் அச்சொல்லையே முதலிற் கொண்டு தொடங்குகின்றது. எனவே அது மங்கலச் சொல்லுமாம். இராமேசுவரத்துத் தீர்த்தத்தைக் காப்போர் தாமே என்னும் அரசுரிமைக் கூற்றுமாம். இடபம் பல்லவர் காசிலும் உண்டு. சேதுவோடு கூடியவழியே அது யாழ்ப்பாணத்து இடபமாகின்றது.

இவ்வடக்கத்தால் இடர்ப்படுவோர் வரலாற்றாசிரியரே. செகராசசேகரன், பரராசசேகரன் என மாறிமாறி வந்த அரியணைப் பெயர்களுள் எதனையும் பொதுவகைச் சேதுக் காசு உரைப்பதில்லை. உருவ வேறுபாடுகளைக் கொண்டே அவற்றை முன்பின்னாக வரிசைப்படுத்த வேண்டியுள்ளது.