தாய் காத்த இரகசியம்

குடும்பத்தின் இருண்ட இரகசியத்தையும் அதைத் தன் முந்தானைக்குள் மூடிக் காக்கும் தாயையும் கருவாகக் கொண்ட உளவியல் மர்மக் கதை, மேனாட்டுத் தொடர்களையும் மலையாளத் திரைப்படங்களையும் பார்த்து நாம் அண்மையில் கற்றுக்கொண்ட கலை என்றும், தமிழ் மரபில் அதற்கு வேரே கிடையாது என்றும் இப்போது மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. இக்கூற்றை நான் முற்றாக மறுக்கிறேன். ஜவ்வாது மலையின் அடிவாரத்திலே, படவேட்டில் கோயில் கொண்டிருக்கும் ரேணுகாம்பாளின் கதையை அறிந்தவர் எவரும் இவ்வாறு சொல்லத் துணியார். கணவனின் சினம், அவன் ஆக்ஞைக்குப் பணிந்து பெற்ற தாயின் சிரத்தைக் கொய்த மகன், அவனே கேட்டுப் பெற்ற வரத்தால் உயிர்த்தெழுந்து அதே இல்லத்துக்குத் திரும்பிய அன்னை! வியாசபாரதத்தில் அந்த மகன் பரசுராமன் கேட்ட வரங்களுள் ஒன்று, தான் கொல்லப்பட்டதை அவள் நினைவுகூரலாகாது என்பது. கொலையுண்டவளிடமிருந்தே கொலையை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தைக் காட்டிலும் பயங்கரமான கற்பனையை எந்த நாட்டு மர்ம ஆசிரியரும் நமக்குத் தந்துவிடவில்லை.

அம்மலையில் பிறக்கும் கமண்டல நாகநதி பாய்கின்ற ஆரணியைத் தம் பெயரிலே தாங்கிய குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மர்ம நாவலுக்கு லட்சக்கணக்கான கண்களைப் பழக்கினார்கள். அவர்களுடைய உலகில் இரகசியம் என்பது பெரும்பாலும் சொத்தும் ஆள்மாறாட்டமும்தான். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' பயத்தை வீட்டுப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து விட்டது. பின்னாளில் சுஜாதாவின் கூர்மையான வக்கீல்கள் வந்து அறிவுக்கு விருந்து வைத்தார்கள், மனத்துக்கு வைக்கவில்லை.

1966ஆம் ஆண்டை அவ்வளவு விரைவில் கடந்து செல்ல என்னால் இயலாது. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' வெளிவந்ததும், ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளியாகி வாசகர்களைக் கொந்தளிக்கச் செய்ததும் அந்த ஒரே ஆண்டில்தான். அலங்காரத்தம்மாளின் இரகசியம் கணவர் தண்டபாணி அறிந்தது. அறியாதவன், வேதம் படிக்கவென்று காவிரிக் கரைக்கு அனுப்பப்பட்ட மகன் அப்பு. அவனுடைய அத்தியயனத்தின் புண்ணியத்தில் தன் பாவம் கரையும் என்று நம்பிய அந்தத் தாய் பிள்ளையைக் காத்தாளா, அல்லது அவனைத் தனக்குக் காப்பாக்கிக்கொண்டாளா என்பதை ஜானகிராமன் கடைசிவரை முடிவு கட்டாமல் விட்டது மகத்தான கலைத் துணிவு. ஜெயகாந்தனின் விதவைத் தாயோ, மழையில் அந்நியனுடைய காரில் ஏறிச் சீரழிந்து வந்து நிற்கும் மகளை முதலில் அடிக்கிறாள். ஓசை கேட்டு விசாரிக்கும் அக்கம்பக்கத்தாரிடம், மழையில் நனைந்து வந்ததற்காகக் கோபித்ததாய் ஒரு பொய் சொல்கிறாள். மகளின் தலையில் அவள் கொட்டுகின்ற நீரைப் பற்றியே விமர்சகர்கள் ஓயாது பேசினார்கள். எனக்கோ அந்தப் பொய்தான் கதையின் ஜீவநாடியாகத் தோன்றுகிறது, ஏனெனில் அதைச் சொன்ன கணத்திலேயே அவள் நியாயாதிபதியின் ஆசனத்தை விட்டு இறங்கிக் காவலாகி விடுகிறாள். 1970இல் நூலாகிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்', அச்சிறுகதையையே தனக்குள் ஒருவர் எழுதிய கதையாக வைத்துக்கொண்டு, அதே இரவைத் திருப்பி எழுதியது. இங்கே தாய் கனகம் அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிப்பும் உத்தியோகமும் பெற்ற பின்னும் கங்கா, அடைக்கலம் தந்த மாமாவின் பார்வைக்கே அஞ்சி வாழ்கிறாள். பொய் சொல்லப்பட்டிருந்தால் ஒரு வாழ்வு, சொல்லப்படாவிட்டால் இன்னொரு வாழ்வு என இரண்டையும் ஒரே கை எழுதிக் காட்டிய இப்பரிசோதனைக்கு நிகரானதை நம் புனைகதையில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' இந்தத் தாய்க்கு மறுபக்கத்தைத் திறந்தது. அரணாயிருந்த அன்னையின் ஒரு சொல்லே அங்கே ஆயுதமாகிறது. இவ்வளவுக்கும் பின்னர், 2015இல் வந்த 'பாபநாசம்' திறமான திரைக்கதைதான் என்பதில் ஐயமில்லை. எனினும் மகளின் மானத்துக்காகத் தாயும் மகளுமாகப் புதைத்த பிணத்தைத் தந்தையின் சாமர்த்தியம் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தத் தாய்க்கு நடுங்குவதைத் தவிர வேலையில்லாமற் போகிறது. சாட்சியங்களை அடுக்கும் மூளைக்குக் கிடைத்த கரகோஷத்தில், குழி மூடியவளின் மனம் மறைந்தே போயிற்று.

அந்த வெற்றியைப் பின்பற்றும் எழுத்தாளருக்கு மலை என்றால் பனிமூட்டமும் தனித்த பங்களாவும் மட்டுமே. அங்கே மனிதர் வாழ்கிறார்கள் என்ற நினைவே இல்லை. 'பாபநாசம்' வெளியான அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மகன் எந்த ஊருக்குக் கூலிக்குப் போயிருக்கிறான் என்று விசாரிக்கப்படும் மலையாளிப் பழங்குடித் தாய் ஒருத்தி, எதைச் சொல்வாள், எதை மறைப்பாள், மறைத்ததன் பாரத்தோடு எப்படி வாழ்வாள் என்பது, அக்கம்பக்கத்தாருக்கு ஜெயகாந்தனின் விதவைத் தாய் சொன்ன பொய்யின் நேரான வாரிசு. அவளை வறுமையின் சின்னமாகச் சுருக்காமல், அலங்காரத்தம்மாளுக்கு வாய்த்த அத்தனை சிக்கலான மனத்தையும் அவளுக்குத் தந்து எழுதும் நாவலையே நான் கேட்கிறேன். அதற்குத் துப்பறிவாளன் வேண்டாம். காட்டின் சட்டமும் ஊரின் கட்டுப்பாடும் உள்ளிருந்து தெரிந்த ஒருவர், அம்மலையிலேயே பிறந்தவர், எழுத வேண்டும். நம் பதிப்பாளர்கள் அவரைத் தேடி ஜமுனாமரத்தூருக்கு மலையேற வேண்டும்.