கிழக்கே திரும்பிய ஆறு

ஏலப்பாறையிலிருந்து கட்டப்பனைக்குப் போகும் சாலை, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து இறங்கி, சப்பாத்து என்னும் இடத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் கரை புரண்டு இரையும் அந்நதி, சித்திரையில் பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளாய்ச் சுருங்கிவிட, துணி மூட்டையுடன் வரும் பெண்கள் வாளி முங்குமளவு ஆழம் எங்கே கிடக்கிறதென்று கல்லுக்குக் கல் தாவித் தேடுகிறார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களில் வாழும் இத்தமிழ்ப் பெண்களிற் பலருக்கு மலைக்கப்பால் கம்பம் பள்ளத்தாக்கில் அண்ணன் தம்பிமார் உண்டு. குடிநீருக்காகவேனும் அங்கே இதே ஆற்றின் ஜலம் அப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும்.

மேற்கே ஓடும் இந்நதியை அணைகட்டிக் கிழக்கே திருப்பிய காரியத்தின் மேன்மையை நான் எவ்வகையிலும் குறைத்துப் பேசேன். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததைக் கண்ட தலைமுறை, 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டு, பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில், சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கருங்கல்லும் கொண்டு அணையெழுப்பி, மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தைக் குடைந்து 1895இல் நீரை வைகைப் படுகைக்கு இறக்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களும், மேலூர் வரை நீளும் பாசனமும், மதுரையின் குடிநீரும் அதன் பலன்களே. தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறார்களென்றால், அது வெறும் உபசாரமன்று, உண்ட நன்றி.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மேற்கே செல்லும் நீரெல்லாம் கடலிற் கலந்து வீணாகிறது என்ற எண்ணத்தின்மேல் எழுந்த திட்டம் இது. நதி அணையோடு முடிந்துவிடுவதில்லை. வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும், மீனும் கரைமரங்களும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. இவற்றுக்கென ஒரு துளியையும் ஒப்பந்தம் ஒதுக்கவில்லை. அணையின் அமைப்பே அவ்வெண்ணத்தைக் கல்லில் வடித்திருக்கிறது: நீர்மட்டம் 104 அடிக்கு இறங்கும் வரை கிழக்கே நீரை எடுக்கலாம், மேற்கே விடும் மதகுகளோ 136 அடிக்கு மேல் நீர் ஏறினாலன்றிப் பயன்படா. ஆதலால் கீழ்நதிக்கு அணையிலிருந்து வருவது வெள்ளம், அல்லது ஒன்றுமில்லை. இடையில் மெலிந்த ஓட்டத்தையேனும் காப்பவை பக்கத்து மலையோடைகளே.

1970இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது தமிழகம் தரும் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்தது, 30 ரூபாயாயிற்று. மின்சாரம் எடுக்கும் உரிமையும் அதில் இடம்பெற்றது. நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. மீனைப் பற்றிப் பேசியவர்கள், அணைக்குக் கீழே மீன் வாழ நீர் வேண்டுமென்பதைப் பேசாது விட்டது எனக்குப் பெருந்துயரமாகவே படுகிறது.

ஆஸ்திரேலியாவில் ஸ்நோயி நதிக்கும் இதே கதி நேர்ந்தது. கடலை நோக்கிச் சென்ற அந்நதியின் நீரில் ஜிண்டபைனில் 99 விழுக்காட்டை உள்நாட்டுப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் திருப்பியவர்கள், பின்னர் தவறுணர்ந்து, படிப்படியாக 28 விழுக்காடு வரை நதிக்கே திருப்பியளிக்க இசைந்து 2002இல் தொடங்கினார்கள். திட்டம் கைவிடப்படவில்லை, நதியும் பங்காளியாயிற்று.

தமிழகம், கேரளம் என்னும் நம் இரு மாநிலங்களின் வாதமோ நீர்மட்டத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. அணையின் பலம் குறித்த அச்சத்தால் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டதை 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடியாக நிலைநாட்டியது. அவ்வச்சத்தை இழித்துரைக்க எனக்கு மனமில்லை, அதை ஆராய நிபுணர் உளர். கீழ்நதியின் பங்கையோ வழக்காடாமலே தீர்க்கலாம். 136 அடிக்குக் கீழேயிருந்து அளந்து நீர்விட ஒரு புதிய குழாய்வழி வேண்டும். அதில் செல்லும் அளவுக்கு வயற்பாசனத்தில் சிக்கனமும் வேண்டும். கோடைக்கு எவ்வளவு விடுவதென்பதைச் சப்பாத்தில் நீரளந்து முடிவு செய்யலாம். கம்பத்து விவசாயியும் அப்படி அளக்கும்போது அருகிலிருக்கட்டும்.